ஆம்ப்ளிஃபயர் பஞ்சாயத்து

குழு: செங்கோட்டை – புனலூர் சொந்தங்கள்

கண்ணன்: மாமா, தாத்தா ஆம்ப்ளிஃபயரில் இடது ஸ்பீக்கர் பாடவில்லை. கடையில் காட்டினால், உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு 5200-1943 டிரான்சிஸ்டர் போட்ட புது போர்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்.

புனலூர் மாமா: கழற்ற விட்டாயா?

கண்ணன்: இல்லை, திரும்பத் தூக்கி வந்துவிட்டேன்.

புனலூர் மாமா: நல்லது. சத்தம் அடியோடு இல்லையா, விட்டு விட்டு வருகிறதா?

கண்ணன்: வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் படக்கென்று வருகிறது. குறைத்தால் கொஞ்ச நேரத்தில் கரகரத்து அமுங்கிவிடுகிறது.

அம்மா: தம்பி, நீ சரி பண்ணிக் கொடுத்துவிடு. கடைக்காரர் கேட்கும் காசுக்குப் புதுசே வரும்.

புனலூர் மாமா: பொறு அக்கா. கண்ணா, ஆன் செய்து சில நொடி கழித்து உள்ளே 'டிக்' கேட்கிறதா?

கண்ணன்: கேட்கிறது.

புனலூர் மாமா: அப்படியானால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகவில்லை. அது ஷார்ட் ஆனால் ஸ்பீக்கருக்கு டிசி, அதாவது நேர் மின்சாரம், போகும். அதைத் தடுக்கத்தான் ப்ரொடெக்‌ஷன் ரிலே. ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச் அது; நீ கேட்ட 'டிக்' அது ஒட்டுகிற சத்தம். டிரான்சிஸ்டர் போயிருந்தால் ரிலே ஒட்டவே ஒட்டாது, இரண்டு பக்கமும் ஊமையாகிவிடும். இப்போது ப்ளேயரிலிருந்து வந்து பின்னால் குத்தியிருக்கும் இடது வலது வயரை மாற்றிக் குத்து. கோளாறு வலதுக்குத் தாவினால் ப்ளேயர் அல்லது வயர். அப்புறம் ஆஃப் பண்ணிவிட்டு ஸ்பீக்கர் வயரையும் மாற்றிப் பார்.

கண்ணன்: இரண்டும் பார்த்தாச்சு. ஆம்ப்பின் இடது பக்கம்தான்.

திவ்யா: யூடியூபில் ஒருத்தர் பழைய ஆம்ப் என்றாலே கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் அண்ணா.

புனலூர் மாமா: மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் பவர் சப்ளை கண்டென்சர் காய்ந்தால் 'ம்ம்ம்' என்று 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். இருக்கிறதா?

கண்ணன்: இல்லை.

புனலூர் மாமா: அப்போது தொடாதே. நன்றாக இருப்பதை நோண்டிப் புதுக் கோளாறை விலைக்கு வாங்குவானேன்? சத்தம் ஏறினால் வருகிறது என்றாய் பார், எனக்கு ரிலே காண்டாக்ட், அதாவது உள்ளே ஒட்டி விலகும் உலோக முனைகள் மேல்தான் சந்தேகம். மேலே படிந்த கறையைச் சின்ன சிக்னல் தாண்டாது, பெரிய சிக்னல் முட்டித் தாண்டிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, கறை பிடிக்காமல் என்ன செய்யும். எந்த ஜோடி ஸ்பீக்கர் பாடவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஏ-பி சுவிட்சும் இதே வேலை செய்யும். முதலில் ஆம்ப்பை ஆஃப் பண்ணிவிட்டு அந்தச் சுவிட்சைப் பல தடவை திருகு.

கண்ணன்: திருகினேன். மாற்றம் இல்லை.

புனலூர் மாமா: சரி, மூடியைத் திற. அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு. பெரிய கண்டென்சர்களில் பிளக் பிடுங்கின பிறகும் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் பண்ணுகிற வீரம் வேண்டாம். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் பிடித்து வடிய விடு, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் கை வை.

அம்மா: இவனுக்கு இதெல்லாம் வேண்டாம், நீ வா.

கண்ணன்: மீட்டர் இருக்கிறது அம்மா, பயப்படாதே.

புனலூர் மாமா: ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற முடிந்தால், விசிட்டிங் கார்டைக் கீற்றாக வெட்டி, காண்டாக்ட் கிளீனரில் நனைத்து, இரண்டு காண்டாக்டுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தி இழு. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போய்விடும்.

கண்ணன்: கார்டு கன்னங்கரேலென்று வருகிறது மாமா!

புனலூர் மாமா: அதுதான் ஆள். நேரே ஆன் பண்ணிவிடாதே. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்புக்குக் கரண்ட் வரும் வயரில் சீரீஸாக 60 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் செய். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. அப்படியே எரிந்துகொண்டிருந்தால் உடனே பிடுங்கு. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி அள. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

கண்ணன்: பல்பு மங்கிவிட்டது. டிசி இடது 14, வலது 9.

புனலூர் மாமா: அருமை. ஸ்பீக்கரை மாட்டு.

திவ்யா: வீடு அதிர்கிறது 😄

புனலூர் மாமா: இது கொஞ்ச காலம்தான் தாங்கும். ரிலே மேல் அதன் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, அடியில் உள்ள கம்பிக் காலெல்லாம் எப்படி இருக்கிறது என்று போட்டோ அனுப்பு. அதே அளவில் புதுசு வாங்கி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

அம்மா: வரும்போது நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கி வா. கண்ணா, சத்தத்தைக் குறை, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.