எண்ணம் அறியும் மந்திரத்தின் முன் ஒளிந்திருப்பவரின் நிலை

நிழல்நடை:
பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளின்படி ஆடிவரும் எங்கள் ஆட்டத்தில், சென்ற அமர்வில் வந்த தீர்ப்பு ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. என் ரோக் (பதுங்கித் தாக்கும் வகுப்பு) பாத்திரம் தூண் ஒன்றின் பின்னால் ஒளிந்திருந்தாள்; ஒளிவதற்கான ஸ்டெல்த் பகடையில் மொத்தம் 24. எதிரி மந்திரவாதி எண்ணம் அறியும் 'டிடெக்ட் தாட்ஸ்' மந்திரத்தைச் சொன்ன மாத்திரத்தில், அவள் வெளிப்பட்டுவிட்டாள் என்று ஆட்டத்தை நடத்துபவர் அறிவித்து, வில்லாளிகள் இருவரையும் எந்தப் பாதகமும் இல்லாமல் அம்பெய்ய அனுமதித்தார். ஒளிந்திருத்தல் என்பது கண்ணுக்கும் காதுக்கும் அகப்படாமல் இருப்பது. அந்த மந்திரமோ 30 அடிக்குள் சிந்திக்கும் உயிர் ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அது எந்தத் தூணின் பின்னால் நிற்கிறது என்று சொல்வதில்லை.

ஏழாம்பகடை:
வில்லாளிகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. மந்திரவாதி வாய்திறந்து சொல்லாதவரை அவர்களுக்கு எதுவும் தெரிய வழியில்லை. ஆனால் மந்திரவாதியின் நிலை வேறு. ஓர் உயிரின் இருப்பைக் கண்டுகொண்டபின், அதைப் பார்க்க முடியாவிட்டாலும் அதன் எண்ணங்களைப் படிக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஒளிந்திருப்பவளின் மனத்தில் அந்த நேரத்தில் மேலோங்கி நிற்பது என்ன? 'இவன் இந்தத் தூணைச் சுற்றி வந்துவிடக் கூடாது' என்பதுதானே? இரண்டாம் நிலை மந்திரத்தைச் செலவழித்து, மனக்குவிப்பையும் அதற்கே ஒதுக்கியவருக்கு இவ்வளவுகூடக் கிடைக்காது என்றால், அந்த மந்திரத்தை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

நிழல்நடை:
தேடுவது ஒரு செயல், படிப்பது இன்னொரு செயல் என்பதை மறந்துவிட வேண்டாம். மந்திரவாதி தன் ஆட்ட வாய்ப்பில் மந்திரம் சொல்லித் தேடிவிட்டால், படிக்க அடுத்த வாய்ப்புவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என் பாத்திரத்துக்கு ஒரு வாய்ப்பு வரும்; மந்திரச் சொற்கள் அவள் காதிலும் விழுந்திருக்கும். பழைய 3.5 பதிப்பில் இது இன்னும் தெளிவாக இருந்தது: முதல் சுற்றில் எண்ணம் இருக்கிறதா என்பது, இரண்டாவதில் எத்தனை மனங்கள் என்பது, மூன்றாவதில்தான் மேலோட்டமான எண்ணங்கள். ஒளிந்திருப்பவர் இடம் மாற அந்த இடைவெளி போதும்.

இரவுக்காவல்:
பல ஆண்டுகளாக ஆட்டம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மந்திரவாதி படிக்கத் தொடங்கும்போது, நான் உரிய ஆட்டக்காரரிடம் 'உங்கள் பாத்திரம் இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறது?' என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே மந்திரவாதிக்குக் கொடுத்துவிடுகிறேன். பதிலில் தூண் இருந்தால் இடம் தெரிந்துவிடும், இல்லையென்றால் தெரியாது.

ஏழாம்பகடை:
மன்னிக்க வேண்டும், இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. கேட்டவுடன் ஆட்டக்காரர் 'பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறாள்' என்பார். பொய் எண்ணத்தைக் காட்டுவது ரோக் வகுப்பின் மாஸ்டர்மைண்ட் பிரிவுக்கு 17ஆம் நிலையில்தான் கிடைக்கிறது. அதற்கும் ஏமாற்றும் திறனுக்கான பகடையை, படிப்பவரின் உள்ளறியும் திறனுக்கு எதிராக உருட்டியாக வேண்டும். அவ்வளவு தூரம் வளர்ந்தவர் பெறும் வரத்தை முதல் நிலை ஆட்டக்காரருக்கு வெறும் வாய்ச்சொல்லால் தந்துவிடுவது, அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

இரவுக்காவல்:
ஒப்புக்கொள்கிறேன். இனி, மந்திரம் சொல்லப்படுவதற்கு முன்பே, ஒளிந்துகொள்ளும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வைத்துவிடுகிறேன். எதற்காகக் கேட்கிறேன் என்று தெரியாதபோது யாரும் வாய்ப்பாடு சொல்ல மாட்டார்கள்.

நிழல்நடை:
அன்று என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் என் பதிலில் தூண் இருந்திருக்காது. அவளுடைய தோழன் வாசற்படியில் காயத்தோடு கிடந்தான். அவனுக்கு மூச்சு வருகிறதா என்றே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் படித்த மந்திரவாதி, வாசற்படி தெரியும் தூண்கள் இரண்டே என்று கண்டுபிடித்து, அவற்றில் ஒன்றைக் குறிவைத்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன்.