பதில்: ஓவர்பாபுலேஷனுக்குத் தமிழில் என்ன? ‘பொறை’யை முன்வைக்கிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஓரிடம் தாங்குவதைவிடக் கூடுதலாக மக்கள் இருக்கும் நிலையை ஆங்கிலத்தில் ஓவர்பாபுலேஷன் என்கிறார்கள். நம் கலைச்சொல் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒருசேர உட்கார்ந்து படித்தேன். ‘மிகை மக்கள்தொகை’, ‘மக்கள்தொகை மிகுதி’, ‘மீமக்கள்தொகை’, ‘மக்கள்நெருக்கடி’ என நான்கு சொற்கள் பரிந்துரையில் இருக்கின்றன. நான்கிலும் எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது. மிகை, மிகுதி, மீ, நெருக்கடி எல்லாமே போய் உட்காருவது மக்கள் தலையில். நிலத்தைப் பற்றியோ நீரைப் பற்றியோ மற்ற உயிர்களைப் பற்றியோ அவற்றில் ஓர் எழுத்துகூட இல்லை. உயிரியலில் இந்தக் கருத்து ஓர் ஒப்பீடு. ஓர் இடம் எவ்வளவு தாங்கும், அதன்மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அதற்குப் பொருளே வரும். தலைகளை எண்ணினால் கிடைப்பது மக்கள்தொகை. அது மிகையா குறையா என்பதை அந்த எண் சொல்லாது.

> சென்னையைப் பார்த்தாலே தெரியுமே. ‘மக்கள்நெருக்கடி’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்று புரியும். நெருக்கம் என்பது ஆட்களைப் பரப்பளவால் வகுத்த எண். 2011 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அதே ஆண்டு திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. புதிய எல்லைக்குள் அதே கணக்கெடுப்பை வைத்து வகுத்தால் 16,000க்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு குடும்பமும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது. நெருக்கம் பத்தாயிரம் குறைந்துவிட்டது, எண்ணூர்க் கழிமுகத்தில் சேரும் கொசஸ்தலை ஆறு அதே நிலைமையில்தான் இருந்தது. கோட்டை மாற்றினால் மாறிவிடுகிற ஒன்றை இயற்கையின் மீதான அழுத்தத்துக்கு அளவாக வைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. இங்கே நெருக்கமாக வாழ்கிறவர்கள்தான் பெரும்பாலும் குறைவாகச் செலவழிப்பவர்கள். காசிமேட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பு வாரிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேன், ஒரு ட்யூப்லைட், ஒரு டிவி, லாரி வந்தால் குடத்தோடு வரிசை. நகரத்தின் வேறொரு மூலையில் அறைக்கு ஒரு ஏசி ஓடும் வீட்டில் மூன்று பேர். இரண்டு வீட்டுக்கும் வரும் மின்சாரத்தில் எண்ணூர், அத்திப்பட்டு வட்டார அனல்மின் நிலையங்களின் பங்கு உண்டு. சாம்பல் மட்டும் பங்கு பிரிவதில்லை. அதைக் கொண்டுபோகும் குழாய் உடைந்த இடமெல்லாம் கசிந்து, ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும்தான் அது படிகிறது. நகரத்தின் வடபகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் வந்து விழுகிறது. முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்தக் கிடங்கின் ஓரத்தில் குடியிருக்கிற ஒருவரை ‘மிகை மக்கள்’ என்ற சொல்லுக்குள் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் மேல் ஏறியிருப்பது மற்றவர்களின் சுமை.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். மனிதர்கள் கூடுதலாக இருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் கூடுதல் ஆட்கள் யார் என்ற கேள்வி உடனே வரும். பதில் எப்போதும் அடுத்த தெருவைத்தான் காட்டும். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

> எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. நுகர்வுதான் எல்லாம். இந்தச் சொல்லையே கையேட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

இதற்கும் என்னால் உடன்பட முடியவில்லை. எண்ணிக்கை கணக்கில் உண்டு. உலக மக்கள்தொகை 100 கோடியைத் தொட்டது 1800களின் தொடக்கத்தில். 1974இல் 400 கோடி. 2022 நவம்பர் 15 அன்று 800 கோடி என்று ஐநா அறிவித்தது. கடைசி இரட்டிப்புக்கு ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. இத்தனை பேருக்குச் சோறும் பாலும் இறைச்சியும் வேண்டும் என்றால் காடும் புல்வெளியும் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறத்தான் செய்யும். 2018இல் வந்த ஓர் ஆய்வு, பூமியிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையைக் கணக்கிட்டது. அதில் 60 விழுக்காடு நாம் வளர்க்கும் கால்நடைகள், 36 விழுக்காடு மனிதர்கள். யானை, திமிங்கலம், மான், எலி என்று மீதியுள்ள காட்டுயிர்கள் எல்லாம் சேர்ந்து 4 விழுக்காடு. இதைப் படித்த பிறகும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சூழலியலாளர்கள் இதை ஒரு பெருக்கலாக எழுதினார்கள். எத்தனை பேர், ஒருவர் எவ்வளவு நுகர்கிறார், அந்த நுகர்பொருளை உண்டாக்கும் முறை எவ்வளவு கெடுக்கிறது என்ற மூன்றையும் பெருக்கினால் இயற்கையின் மீது விழும் மொத்தப் பளு வரும். மூன்றில் எது ஏறினாலும் பெருக்குத்தொகை ஏறும். நமக்கு வேண்டிய சொல் இந்தப் பெருக்குத்தொகையின் பெயர். முதல் எண்ணின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், தமிழ்நாட்டின் இன்றைய நிலைமையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக எழுத முடியாது. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிற்கவே ஏறக்குறைய 2.1 வேண்டும். பிறப்பு இவ்வளவு குறைந்த பிறகும் குப்பை குறையவில்லை, மின்தேவை குறையவில்லை. இதை ‘மிகை மக்கள்தொகை’ எப்படி விளக்கும்?

சரி, ‘தாங்கு’ என்ற வேருக்கு வருவோம். ஓரிடம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் கேரியிங் கெபாசிட்டிக்குத் ‘தாங்குதிறன்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். மூலச்சொல் 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்குச் சரக்கேற்றும் கணக்கிலிருந்து வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பலின் பக்கவாட்டில் தீட்டியிருக்கும் அளவுக்கோடு நீருக்குள் போய்விட்டால் பாரம் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கோடும் ஒன்றல்ல. நன்னீருக்கு ஒன்று, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. எந்த நீரில் மிதக்கிறது என்பதைப் பொறுத்து, தாங்கும் அளவே மாறும்.

தாங்குதிறனுக்குப் பதில் ‘தாங்கெல்லை’ என்று பரிந்துரைத்த நண்பருக்கு இங்கேதான் என் மறுப்பு. எல்லை என்றால் அசையாமல் நிற்பது என்ற எண்ணம் வந்துவிடும். உயிர்ச்சூழலில் பளு கூடினால் தாங்குதிறனே சுருங்கும். இதற்குப் பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டு அலாஸ்காவை அடுத்த செயின்ட் மேத்யூ தீவு. 1944இல் அங்கே 29 கலைமான்களை (ரெயின்டீர்) கொண்டுபோய் விட்டார்கள். 1963இல் அவை ஏறக்குறைய 6,000 ஆயின. குளிர்காலத்தில் அவற்றுக்கு இரையான பாறைப்பாசியை (லைக்கன்) அடியோடு தின்று தீர்த்தன. 1966இல் எண்ணியபோது மிஞ்சியவை 42. அந்தப் பாசி மெதுவாகத்தான் வளரும் என்பதால், முன்பு தாங்கிய எண்ணிக்கையைக்கூட அந்தத் தீவால் அதன்பின் தாங்க முடியவில்லை.

அலாஸ்கா வரை போகாமல் மீஞ்சூரையே பார்க்கலாம். 1960களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டிப் பகுதிக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்தார்கள். மழை ஊட்டியதைவிட இறைத்தது அதிகமானது. நன்னீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. உப்பேறிய கிணற்றில் மோட்டாரை நிறுத்தினால் மறுநாளே நல்ல தண்ணீர் ஊறாது. அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு 2010இல் வந்தது. நிலம் கொடுத்துக்கொண்டிருந்ததை இப்போது மின்சாரம் செலவழித்து வாங்குகிறோம்.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு நீரில் தவழ்ந்தபடி, பறி என்ற கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றுக்குள் விரலை விட்டுத் துழாவுவார்கள். இறாலுக்கு மெத்தென்ற சேறு வேண்டும், அவர்கள் விரலுக்கும் அதுவே வேண்டும். இப்போது பல இடங்களில் சேற்றின் மேல் சாம்பல் படிந்து இறுகிக் கிடக்கிறது. மேலே காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அயல்நாட்டுச் சிப்பி ஜமுக்காளம் விரித்ததுபோல் பரவியிருக்கிறது. கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பிவரும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். விரலை விட்டால் கிழிக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே கழிமுகத்தில் எண்ணெயும் வந்து கலந்தது. கரையோரக் குப்பங்களில் ஒரு குழந்தைகூடப் புதிதாகப் பிறக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கழியின் தாங்குதிறன் குறைந்துவிட்டது. நம் சொல் இந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். தலையை எண்ணும் எந்தச் சொல்லும் இதைச் சொல்லாது.

பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறையையும் நினைத்துப் பாருங்கள். இறால் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு நிற்காமல், ஒரு நாளில் எத்தனை வலை நீரில் இறங்கலாம் என்று வரம்பு கட்டிய முறை அது. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் கருத்து அவர்கள் கையில் நடைமுறையாகவே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்துத்தான் ‘பொறை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பொறு என்ற வேரிலிருந்து வருவது, பளு என்று பொருள். குறளில் ‘நிலக்குப் பொறை’ என்ற தொடர் மூன்று இடங்களில் வருகிறது. அதில் 1003ஆம் குறள் நமக்கு நேரடியாகவே உதவுகிறது. சேர்ப்பதிலேயே குறியாக இருந்து புகழை வேண்டாதவர்களின் பிறப்பு நிலத்துக்குப் பாரம் என்கிறது அது. பாரம் என்ற சொல்லை வள்ளுவர் தலைக்கணக்கோடு சேர்க்கவில்லை, ஈட்டத்தின் மீதான பேராசையோடு சேர்க்கிறார். நிலம் என்பதும் அங்கே மண்ணை மட்டும் குறிக்காமல் உலகம் முழுவதையும் குறிக்கிறது. அதனால் நீருக்கும் கடலுக்கும் தனிச்சொல் வேண்டுமே என்ற கவலை இல்லை. வேண்டுமானால் நீர்ப்பொறை, கடற்பொறை என்று நீட்டிக்கொள்ளலாம்.

‘சுமை’ போதாதா என்று கேட்பீர்கள். பொறியியலில் சுமை ஏற்கெனவே நிறைய இடங்களில் உட்கார்ந்துவிட்டது. பேச்சில் குடும்பச் சுமை, பெண்பிள்ளை சுமை என்று மனிதர்களையே சுமையாக்கும் வழக்கமும் இருக்கிறது. பொறை இன்று பேச்சில் இல்லாததால் கறாராக வரையறுக்கலாம். பொறுமை என்ற பொருளும் அதற்கு உண்டே என்றால், உண்டுதான். ஆனால் நிலம், நீர், மிகை என்று ஒன்றோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

ஆக, என் பரிந்துரை இது. ஓரிடத்து மக்களின் எண்ணிக்கை, நுகர்வு, உற்பத்தி முறை மூன்றும் சேர்ந்து இயற்கையின் மீது ஏற்றும் மொத்தப் பளு நிலப்பொறை. நிலப்பொறை தாங்குதிறனைவிடக் கூடுதலாக இருக்கும் நிலை மிகைப்பொறை. சூழலியல் கட்டுரைகளில் ஓவர்பாபுலேஷன் வரும் இடத்தில் இதை எழுதலாம். பளு தாங்குதிறனைத் தாண்டிப் போகும் ஓவர்ஷூட் என்ற நிகழ்வுக்குப் பொறைமீறல். பூமி ஓர் ஆண்டில் புதுப்பித்துத் தரக்கூடியதை நாம் செலவழித்து முடிக்கும் நாள் என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்கிட்டு அறிவிக்கிறார்களே, 2025இல் ஜூலை 24 அன்று வந்தது, அது பொறைமீறல் நாள். வெறும் தலைக்கணக்கைப் பேசும் மக்கள்தொகையியல் கட்டுரைகளில் மட்டும் ‘மக்கள்தொகைப் பெருக்கம்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “வடசென்னைக் கழிமுகங்கள் மிகைப்பொறையில் இருப்பதற்குக் காரணம் அங்கே வாழ்பவர்களின் எண்ணிக்கை மட்டுமன்று, நகரம் முழுவதன் மின்சாரமும் கழிவும் அவற்றின் நிலப்பொறையில் சேர்கின்றன.” எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. நீங்களும் உங்கள் பக்கத்து ஏரி, மலை, காடு எதையாவது வைத்து எழுதிப் பார்த்து அனுப்புங்கள்.

நிலமும் நீரும் புதுப்பித்துத் தரக்கூடிய அளவைக் குறிக்கும் பயோகெபாசிட்டிக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘விளைதிறன்’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் வேளாண்மையில் அது பயிர் ரகத்தின் மகசூலைக் குறிக்கிறதே. உழவுத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
தண்டையார்ப்பேட்டையிலிருந்து