12 இன்ச் சப்வூஃபர் பெட்டி: பலகை அறுக்கக் கொடுக்கும் முன்

கேள்வி (மடிவாளா, பெங்களூரு):
ஹேட்ச்பேக் டிக்கியில் வைக்க சப்வூஃபர் பெட்டி நானே செய்யப்போறேன். ஸ்பீக்கர் தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண்) 28, க்யூஇஎஸ் (மின்வழித் தணிப்பைக் காட்டும் எண்) 0.56, சீல்டு (முழுக்க மூடின பெட்டி) 30 லிட்டர் என்று இருக்கு. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்தால் சத்தம் கூடும் என்கிறார்கள், வைக்கலாமா? 18 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்ன அளவில் அறுக்கணும்?

பதில் 1:
எஃப்எஸ் 28-ஐ க்யூஇஎஸ் 0.56-ஆல் வகுத்தால் 50. அந்த எண் 50-ஐ ஒட்டி இருந்தால் சீல்டுதான் பொருந்தும், 100 பக்கம் போனால்தான் போர்ட். இதுக்குப் போர்ட் வேண்டாங்க.

30 லிட்டர் என்பது கடைசியில் உள்ளே மிஞ்ச வேண்டிய காற்று. ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (சட்டம்) சுமார் 2 லிட்டர், தாங்கு கட்டை 1 லிட்டர் பிடிக்கும். அதனால் உள்ளளவு 33 லிட்டர், அதாவது அகலம் 40 × உயரம் 33 × ஆழம் 25 செ.மீ. இரு பக்கமும் 1.8 செ.மீ. பலகை சேர்வதால் முன், பின் பலகை 43.6 × 36.6, மேல், கீழ் 43.6 × 25. பக்கங்கள் 33 × 25. எல்லாம் இரண்டிரண்டு. முன்பக்கத்துக்கு மட்டும் இன்னொன்று சேர்த்து இரட்டையாக ஒட்டுங்க, ஸ்பீக்கர் எடையும் அதிர்வும் அங்கேதான் இறங்கும். மரமே 11, 12 கிலோ வந்துடும்.

பின் சீட் சாய்வுக்கு ஏற்பச் சரிவு வைத்தால், மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டிப் பாதி எடுத்துக் கணக்கு போடணும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 4, 5 லிட்டர் குறைவாகச் செய்துடறாங்க. பேஸ் ஒலி தாழ்ந்த சுருதிக்கு இறங்காமல் நடுவிலேயே முட்டி நிற்கும்.

கேட்டவர்:
நன்றிங்க. ஆசாரி பிளைவுட்தான் கெட்டி என்கிறார். போடலாமா?

பதில் 2:
போடலாம், நல்ல பிர்ச் பிளையாக இருந்தால். மலிவு பிளையில் அடுக்குக்குள் இடைவெளி இருக்கும், சத்தம் ஏறினதும் கரகரன்னு அடிக்கும். அந்த விலைக்கு எம்டிஎஃப் மேல்.

ஆனால் எம்டிஎஃப் ஓரத்தில் நேரடியா ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துடும். 4 எம்எம் ஸ்க்ரூவுக்கு 3 எம்எம் துளை முதலில் போடுங்க, 15 செ.மீ.க்கு ஒன்று. ஃபெவிகால் பிதுங்கி வழியற அளவுக்குத் தடவணும். பெட்டியைப் பிடித்து நிறுத்துவது பசைதான், ஸ்க்ரூ அது காயும் வரை அழுத்திப் பிடிக்கத்தான். அறுப்பதை பேனல் சா (பலகை அறுக்கும் மெஷின்) உள்ள பிளைவுட் கடையிலேயே முடிச்சுடுங்க. கையால் அறுத்தால் 2 எம்எம் கோணும், அந்த இடுக்கில் காற்று சீறும்.

பதில் 3:
உள்மூலைகளில் சிலிகான் பூசினால் வினிகர் வாடை முழுசா போகும்வரை ஸ்பீக்கரை மாட்டாதீங்க. ஓட்டையை ஸ்பீக்கர் தாளில் உள்ள கட்அவுட் அளவுக்கே வெட்டுங்க, 12 இன்ச் என்று நினைத்து வெட்டினால் ஸ்பீக்கர் உள்ளே விழுந்துடும். விளிம்பில் ஃபோம் டேப், பின்னால் ஒயர் மாட்டும் டெர்மினல் கப் (பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்), 2.5 சதுர எம்எம் ஒயர்.

மாட்டினதும் கோனை (ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பை) இரண்டு கையாலும் சமமா, மெதுவா அழுத்தி விடுங்க. நிதானமா திரும்பினால் பெட்டி சரி. பட்டென்று எழும்பினால் எங்கோ காற்று ஒழுகுது. முதலில் டெர்மினல் கப்பைச் சுற்றிப் பாருங்க. மழைக்காலத்தில் டிக்கி ஈரம் எம்டிஎஃப்பை உப்ப வைக்கும், அடிப்பலகைக்கும் ஓரங்களுக்கும் கார்ப்பெட் ஒட்டும் முன்னாடியே இரண்டு கோட் வுட் ப்ரைமர் அடிச்சுடுங்க.