உடனே கீழ்ப்படிந்த தருணங்கள்: உங்கள் சாட்சியைப் பகிருங்கள்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து ஒரு சகோதரி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். "கர்த்தர் என்னோடு பேசினால் அந்த நிமிஷமே செய்வேன்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேதத்தில் எழுதித் தந்திருப்பதைச் செய்ய இன்னொரு சத்தம் எதற்கு?

மாமனார் வீட்டுப் பங்குத் தகராறில் எனக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு, திருவிருந்துக்கு முன் குருவானவர் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை வாசித்தார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்லும் பகுதி. ஆராதனை முடியட்டும், சாயங்காலம் போகலாம், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போகலாம் என்று மனம் சாக்குகளை அடுக்கியது. அத்தனையும் நியாயமான சாக்குகள்தாம். எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அவள் புறவாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். என்னைக் கண்டு பதறி எழுந்தவள், கையைத் துடைக்கவும் மறந்து, "வாருங்கள் மதினி" என்றாள். செதிலோடு இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே எழவில்லை. மத்தியானம் அந்த மீன் குழம்புதான் எனக்குச் சாப்பாடு. பங்கு இன்றுவரை பிரிபடவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனாலும் அவள் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றது நான்தான்.

வேலூரிலிருந்து ஒரு சகோதரர், செவிலியர்:

சகோதரி, உங்கள் சாட்சி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரை நினைவூட்டியது. அவர் இளம்பெண்ணாயிருந்தபோது, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியருக்கும் பிரசவ ஆபத்து. ஐடாவின் தகப்பனார் மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த அந்த இளம்பெண், மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

தீர்மானம் ஒரே இரவில் வந்தது, பலனுக்குத்தான் காலம் பிடித்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது 1918-இல். உடனே கீழ்ப்படிந்தேனே, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகும் வாலிபர்களிடம் இந்த வருஷங்களைச் சொல்லுவேன்.

ஓய்வுபெற்ற போதகர் ஒருவர்:

பிள்ளைகளே, மகிழ்ச்சி. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனதில் தோன்றுவதெல்லாம் கர்த்தருடைய ஏவுதல் அல்ல. "தேவன் சொன்னார்" என்று சொல்லி, கலந்து பேசாமல் வேலையை விட்டுக் குடும்பத்தைத் தவிக்கவிட்டவர்களை என் ஊழியத்தில் பார்த்திருக்கிறேன்.

வேதத்தில் வரும் சிறுவன் சாமுவேலைப் பாருங்கள். இரவில் தன்னைக் கூப்பிட்டது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து, தன்னை வளர்த்த ஆசாரியர் ஏலியிடம் போனான். ஏலி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று உணர்ந்ததும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். ஆகவே என்னிடம் வருகிற வாலிபர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஏவுதல் என்று தோன்றினால் வேதத்தோடு ஒத்துப்பாருங்கள், முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் சொல்லுங்கள். அதையும் அன்றைக்கே செய்யுங்கள்.