நான்கு தவணை போட்டும் முழுப் பாதுகாப்பு இல்லை: மலேரியாத் தடுப்பூசி ஏன் இவ்வளவு கடினம்?

கேள்வி: விலங்கியல் ஆசிரியை, தருமபுரி

பன்னிரண்டாம் வகுப்பில் பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்தியபோது ஒரு மாணவி எழுப்பிய ஐயத்தை இங்கே வைக்கிறேன். மலேரியா ஒட்டுண்ணியான இதைப் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் 1880-இலேயே கண்டறிந்துவிட்டார். ஆனால் அதற்கெதிரான முதல் தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில்தான். அதையும் நான்கு தவணை போட வேண்டும். போட்ட பிறகும் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். பெரியம்மைக்கும் போலியோவுக்கும் முடிந்தது இதற்கு ஏன் முடியவில்லை? அரைகுறைப் பாதுகாப்புக்காக அதைப் போடுவது தகுமா? குடற்புழுக்களுக்கும் இப்படி ஏதேனும் உண்டா?

மறுமொழி: நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு அந்நோய் மறுபடி வருவது மிக அரிது. உடல் தானாகவே செய்யும் அந்த வேலையை நோயின் துன்பமில்லாமல் செய்ய வைத்தால் போதும் என்பதால் அங்கே தடுப்பூசி எளிதில் கைகூடியது. மலேரியாவில் உடல் அப்படிச் செய்வதே இல்லை. ஆண்டுதோறும் பலமுறை காய்ச்சல் கண்டு வளர்ந்த ஆப்பிரிக்கச் சிற்றூர்வாசிக்கும் நோயின் கடுமையைக் குறைக்கும் எதிர்ப்பு மட்டுமே உண்டாகிறது. ஊரை விட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்தால் அதுவும் தேய்ந்துவிடுகிறது. ஆக, இயற்கையான தொற்று தரும் பாதுகாப்பைவிட மேலான ஒன்றைத் தடுப்பூசி தர வேண்டியிருக்கிறது.

ஒட்டுண்ணியின் அமைப்பும் ஒரு காரணம். போலியோ நச்சுயிரியிடம் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய புரதங்கள். மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் ஒன்றான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்திடம் ஏறத்தாழ 5,300 மரபணுக்கள் உள்ளன. கொசு செலுத்தும் ஸ்போரோசோயிட், கல்லீரலில் பெருகும் நிலை, சிவப்பணுவைத் துளைக்கும் மீரோசோயிட் என நிலைதோறும் அதன் புறப்பரப்பு மாறுகிறது. சிவப்பணுவுக்குள் புகுந்த பிறகு, அந்த அணுவின் மேற்பரப்பில் அது வைக்கும் ஒட்டுப் புரதத்துக்கு மட்டும் சுமார் 60 மரபணுக்களை வைத்துக்கொண்டு, ஒன்றை உடல் அடையாளம் காணும் வேளையில் வேறொன்றுக்கு மாறிக்கொள்கிறது.

இதனால்தான் நீங்கள் குறிப்பிட்ட அந்த முதல் தடுப்பூசியான ஆர்.டி.எஸ்,எஸ்-ஐ உருவாக்கியவர்கள் ஸ்போரோசோயிட்டைக் குறிவைத்தார்கள். அதன் மேலுறைப் புரதத்தின் ஒரு பகுதியை ஹெப்படைட்டிஸ்-பி மேற்பரப்புப் புரதத்தோடு இணைத்து உருவாக்கியது அது. கொசு கடிக்கும்போது உடலுக்குள் வருபவை பெரும்பாலும் சில பத்து ஸ்போரோசோயிட்டுகளே என்பது இந்த உத்தியின் பலம். அவை ஓரிரு மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குள் மறைந்துவிடும் என்பதும், தப்பிய ஒன்றே ஒன்று ஒரு வாரத்தில் பல்லாயிரம் மீரோசோயிட்டுகளாகப் பெருகி வெளிவரும் என்பதும் அதன் பலவீனம். முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் விழித்தெழுந்து எதிர்ப்பொருளைச் சுரக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. கொசு கடிக்கும் அந்த நொடியில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மிக உயர்ந்த அளவில் இருந்தாக வேண்டும். அந்த அளவு மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதால்தான் நான்காவது தவணை தேவைப்படுகிறது.

போடுவது தகுமா என்ற கேள்விக்கு என் விடை, ஐயமின்றித் தகும் என்பதே. ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 15,000 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், 5 முதல் 17 மாத வயதில் தொடங்கி நான்கு தவணையும் பெற்றவர்களிடம் நான்காண்டுக் காலத்தில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தது. பிறகு 2019 முதல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் போட்டுப் பார்த்தபோது, தடுப்பூசிக்குரிய வயதுக் குழந்தைகளின் மொத்த இறப்பே 13 விழுக்காடு குறைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேரைக் கொல்லும், அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிறையாத ஆப்பிரிக்கக் குழந்தைகளாக இருக்கும் ஒரு நோயில் இது எத்தனை உயிர்கள் என்பதை மாணவிகளே கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசி 2023 அக்டோபரில் பரிந்துரை பெற்றது. மலேரியா மழைக்காலத்தில் மட்டும் பெருகும் இடங்களில், பருவம் தொடங்குமுன் அதைப் போட்டபோது முதலாண்டில் 75 விழுக்காடு பாதுகாப்புக் கிடைத்தது.

மறுமொழி: கால்நடை மருத்துவர், நாமக்கல்

புழுக்களைப் பற்றிய பகுதிக்கு எங்கள் துறையிலிருந்து விடை சொல்லலாம். மாடுகளின் நுரையீரல் புழுவுக்கு, கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த உயிருள்ள இளம்புழுக்களைக் கொண்ட வாய்வழித் தடுப்பு மருந்து, கிளாஸ்கோ ஆய்வாளர்களின் முயற்சியால் 1959-இலேயே பிரிட்டனில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆடுகளின் நான்காம் வயிற்றில் இரத்தம் குடித்துச் சோகையையும் தாடை வீக்கத்தையும் உண்டாக்கும் ஹீமாங்கஸ் புழுவுக்கு ஆஸ்திரேலியாவில் 2014 முதல் தடுப்பூசி உண்டு. அதன் செயல்முறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. புழுவின் குடல் சுவரிலுள்ள புரதங்களையே அதில் பயன்படுத்துகிறார்கள். ஆட்டின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் புழு இரத்தத்தோடு சேர்த்துக் குடித்து, தன் குடலிலேயே பாதிப்படைகிறது. இயற்கைத் தொற்றில் ஆட்டின் உடல் அந்தப் புரதங்களைச் சந்திப்பதே இல்லை என்பதால் எதிர்ப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது. பருவம் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். பன்றிகளில் நாடாப்புழுவின் இளம்நிலையைத் தடுக்கும் ஊசியையும் உண்ணிகளால் பரவும் இரத்த ஒட்டுண்ணியான தைலேரியாவுக்கு எதிராகக் கலப்பினப் பசுக்களுக்குப் போடும் தடுப்பூசியையும் ஹைதராபாத்திலேயே தயாரிக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கால்நடைகளுக்குப் பயன்பட்ட கதிர்வீச்சு முறையை மனிதருக்குப் பின்பற்றத் தடை என்ன? இந்தியாவிலும் இந்தத் தடுப்பூசியைப் போடலாம் அல்லவா?

மறுமொழி: நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்

அம்முறை மனிதரிடமும் பலித்திருக்கிறது. ஆய்வாளர் ரூத் நுசென்ஸ்வைக், கதிர்வீச்சுக்குள்ளான ஸ்போரோசோயிட்டுகளால் எலிகளைக் காத்துக் காட்டியது 1967-இல். 1970-களில் மேரிலாந்தில், கதிர்வீச்சுக்குள்ளான கொசுக்களை மீண்டும் மீண்டும் கடிக்க விட்டுத் தன்னார்வலர்களுக்கும் பாதுகாப்பு அளித்தார்கள். இடர்ப்பாடு தயாரிப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் சனாரியா நிறுவனம் கொசுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்து ஸ்போரோசோயிட்டுகளைப் பிரித்தெடுத்து, திரவ நைட்ரஜன் குளிரில் பாதுகாத்து, சிரை எனும் இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறது. மின்வசதி குறைந்த சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளுக்கு இதை நடைமுறைப்படுத்துவது மிகக் கடினம்.

புழுக்களில் வேறோர் ஆபத்தும் உண்டு. கொக்கிப்புழுவின் புரதமொன்றைப் பிரேசிலில் சோதித்தபோது, முன்பே தொற்றுக்கு ஆளானவர்களின் உடலில் ஒவ்வாமைக்கான எதிர்ப்பொருள் இருந்ததால், சிலருக்கு ஊசி போட்டதும் உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, அம்முயற்சி கைவிடப்பட்டது.

இந்தியாவைப் பொறுத்தவரை, ஆர்.டி.எஸ்,எஸ், ஆர்21 ஆகிய இரு தடுப்பூசிகளும் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை மட்டுமே. நம் நாட்டில் பரவலாக உள்ள வைவாக்ஸ் வகைக்கு அவற்றால் பயனில்லை. மேலும் வைவாக்ஸ் கல்லீரலில் ஹிப்னோசோயிட்டாக உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்துப் புதிய கொசுக்கடியே இல்லாமல் காய்ச்சலை மீண்டும் எழுப்பும். அப்போது ஸ்போரோசோயிட் நிலையே இடையில் வருவதில்லை என்பதால், அதற்கு இலக்கையே வேறாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.