அம்மாச்சியின் சிறுநீரகம்: குடும்பக் குழுவில் ஒரு செவ்வாய் இரவு

[இரவு 8:12] சித்ரா: பலதுறை மருந்தகத்திலிருந்து இப்போதுதான் வந்தோம். அம்மாவின் முடிவுகள் வந்துவிட்டன. மூன்று மாதச் சர்க்கரை 7.9. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 58, போன வருடம் 66 இருந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதாம், இது இரண்டாவது முறை. டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை சேர்க்க வேண்டும் என்றார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை 9:40க்கு மறுபடி போக வேண்டும்.

[இரவு 8:14] வசந்தி: சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறது என்று அம்மா தீபாவளி சமயத்திலேயே என்னிடம் சொன்னார். வெயில், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன் அக்கா. மனசே சரியில்லை.

[இரவு 8:15] சித்ரா: எனக்கும்தான் வசந்தி. சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் வரிவரியாகப் பதிந்திருக்கும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

[இரவு 8:19] குமரன்: 📷 படம்
அக்கா, கவலைப்படாதீர்கள். நான் படித்துப் பார்த்தேன். சிறுநீரகம் கெடுவதற்கே காரணம் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். இது ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, திராட்சை விதை, மஞ்சள் சத்து, வைட்டமின் சி 1,000 மில்லிகிராம் எல்லாம் இருக்கிறது. மூன்று புட்டி ஆர்டர் போட்டுவிட்டேன். 168 வெள்ளி. அம்மாவுக்குத்தானே.

[இரவு 8:20] சித்ரா: ஸ்ட்ரெஸ்ஸா? அம்மாவுக்கு என்ன மனக்கவலை? நான் ஏதாவது கடிந்து பேசிவிட்டேனா?

[இரவு 8:22] தேவி: அண்ணி, அத்தைக்கு நட்சத்திரப் பழச் சாறு கொடுக்கலாமா? அதிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய என்று கோப்பிக்கடைப் பழச்சாற்றுக்காரர் சொன்னார். நாளைக்கு வாங்கி வருகிறேன்.

[இரவு 8:23] மாலதி: தேவி அத்தை, தயவுசெய்து நட்சத்திரப் பழம் மட்டும் வேண்டாம். அதில் சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் மிகுதி. நரம்பைத் தாக்கும் ஒரு நச்சும் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை வெளியேற்றிவிடும். தளர்ந்திருந்தால் தேங்கிவிடும். விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போயிருக்கிறது. பேருந்தில் இருக்கிறேன், ஈசூனில் இறங்கியதும் விரிவாக எழுதுகிறேன்.

[இரவு 8:23] தேவி: ஐயோ. சரி மாலதி, வாங்கவில்லை.

[இரவு 8:41] மாலதி: பெரியம்மா, இது மனக்கவலை இல்லை. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நான் ஆய்வகத்தில் தினமும் பார்ப்பதே இந்த விஷயத்தைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர்தான். மீதியை உப்போடும் சர்க்கரையோடும் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துப்போடுவது வடிகட்டிக்கு அடுத்திருக்கும் நுண்குழாயின் செல்கள். ஓயாத வேலை. அதற்காக அந்தச் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[இரவு 8:44] மாலதி: அடுப்பு எரிந்தால் கொஞ்சம் புகை வரும். இங்கே அந்தப் புகை சூப்பர்ஆக்சைடு என்கிற ஆக்சிஜன் வகை. செல் அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கி, பிறகு வெறும் தண்ணீராக்கிவிடும். நல்ல நாளில் புகையும் வெளியேற்றமும் சரிக்குச் சரி. சர்க்கரை வியாதியில் நுண்குழாய்க்குள் வந்து சேரும் சர்க்கரை கூடுகிறது, இழுக்கும் வேலை கூடுகிறது, அடுப்பு எகிறுகிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும் சேர்ந்தால், செல் சவ்விலும் உள்ளேயும் இருக்கும் நாக்ஸ் என்ற நொதிகள் தம் பங்குக்கு இன்னும் புகை கக்கும். வெளியேற்ற முடியாமல் புகை மிஞ்சுவதுதான் குமரன் மாமா சொன்ன ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். மாமா படித்தது பொய் இல்லை.

[இரவு 8:46] குமரன்: அதைத்தானே கண்ணு நானும் சொன்னேன். புகையை எடுக்கத்தான் மாத்திரை.

[இரவு 8:47] வசந்தி: இருடா, அவள் முடிக்கட்டும்.

[இரவு 8:52] மாலதி: அம்மாச்சியின் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறதே, அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறித்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த இடம் வழவழவென்று வெளுத்திருக்கும். முடி முளைக்காது, வியர்க்காது. புண்ணை மூடியது, ஆனால் தோல் செய்யும் வேலையைச் செய்யாது. சிறுநீரகத்துக்குள் விழுவதும் அதே மாதிரித் தழும்புதான்.

மிஞ்சிய புகை செல்லைப் பொசுக்குவதோடு நிற்பதில்லை. டிஜிஎஃப் பீட்டா என்றொரு புரதம் செல்களுக்கு வெளியே கட்டிப்போட்டபடி தூங்கிக்கொண்டிருக்கும். புகை அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. ‘இங்கே காயம், அடைத்து மூடு’ என்பது அந்தப் புரதத்தின் உத்தரவு. குழாய்களுக்கு நடுவே சும்மா கிடந்த நார்ச்செல்கள் அதைக் கேட்டதும் உருமாறி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்ட ஆரம்பிக்கின்றன. கையில் விழுந்த புண் இரண்டு வாரத்தில் ஆறும், உத்தரவும் நிற்கும். சிறுநீரகத்தில் சர்க்கரை தினமும் வருகிறது, அழுத்தம் தினமும் இருக்கிறது, உத்தரவு நிற்பதே இல்லை.

[இரவு 8:53] சித்ரா: வருடக்கணக்காகவா?

[இரவு 8:57] மாலதி: ஆமாம் பெரியம்மா, வலி எதுவும் இல்லாமலே. கொலாஜன் சேரச் சேர பக்கத்தில் ஓடும் நுண் ரத்தக்குழாய்கள் நசுங்கும், செல்லுக்கு ஆக்சிஜன் குறையும், திணறும் செல் இன்னும் புகைக்கும், அது இன்னும் தழும்பைக் கூட்டும். வடிகட்டியில் கசியும் ஆல்புமினையும் இதே செல்கள்தான் விழுங்கிச் சமாளிக்க வேண்டும், அதுவும் ஒரு சுமை. அதனால்தான் டாக்டர் இஜிஎஃப்ஆரைவிட அந்தக் கசிவைப் பற்றி அதிகம் பேசியிருப்பார்.

ஆய்வகத்தில் ஒரு சாயம் இருக்கிறது, கொலாஜனை மட்டும் நீலமாகக் காட்டும். நல்ல சிறுநீரகத் துண்டில் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், நடுவில் மெல்லிய நீலக் கோடு இருந்தால் உண்டு. கெட்டுப்போனதில் நீலம் குளமாகப் பரவியிருக்கும், குழாய்கள் அதில் சுருங்கித் தீவு தீவாகக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கத் தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய அம்மாச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

[இரவு 8:58] வசந்தி: நீ இதை என்னிடம் சொன்னதே இல்லையே மாலு.

[இரவு 9:01] குமரன்: சரி மாலதி, புரிகிறது. அப்படியானால் புகையை எடுத்தால் உத்தரவு நிற்க வேண்டுமே? ஆன்டிஆக்ஸிடன்ட் ஏன் வேண்டாம் என்கிறாய்?

[இரவு 9:08] மாலதி: சரியான கேள்வி மாமா. ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் எங்கள் தட்டில் அது வேலை செய்கிறது, மறைக்கவில்லை. நுண்குழாய்ச் செல்கள் தட்டில் கூழாங்கல் பாவியதுபோல் வட்டவட்டமாக ஒட்டியிருக்கும். டிஜிஎஃப் பீட்டாவைச் சேர்த்து இரண்டு நாள் விட்டால் நீண்டு, ஊசி மாதிரி விலகிப்போகும். கூடவே ஒரு ஆன்டிஆக்ஸிடன்டைப் போட்டால் அந்த மாற்றம் குறைகிறது.

தட்டில் செல் மருந்துக்குள்ளேயே மிதக்கிறது. மனிதர் விழுங்கும் வைட்டமின் குடலைத் தாண்டி, ஈரலைத் தாண்டி, செல்லுக்குள் அந்த அடுப்பின் வாய்க்கு எவ்வளவு போய்ச் சேரும்? அதற்குள் அடுத்த நொடியின் புகை வந்துவிடுகிறது. அப்புறம், கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குத் தேவை, செல்கள் அதை வைத்துத் தகவல் அனுப்பிக்கொள்கின்றன.

மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் வைட்டமின் ஈ கொடுத்த ஹோப் ஆய்வில் சிறுநீரகத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. செல்லின் சொந்தப் புகைபோக்கியையே முடுக்கிவிடும் பார்டாக்சலோன் என்ற மருந்தை நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்த பீகன் ஆய்வை 2012இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு அதிகமானது. மாமா வாங்கியதில் இருக்கும் வைட்டமின் சி வேறு உடலில் ஆக்சலேட்டாக மாறும். அந்த அளவு அம்மாச்சியின் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை.

[இரவு 9:10] குமரன்: நான் நல்லது என்றுதான் நினைத்தேன்.

[இரவு 9:11] சித்ரா: தெரியும் தம்பி. உன் மனசு எங்களுக்குத் தெரியாதா?

[இரவு 9:16] மாலதி: மாமா அக்கறைப்பட்டதால்தானே இன்று இவ்வளவு பேசுகிறோம். வேலை செய்வது அடுப்பைத் தணிப்பது. அம்மாச்சி ஏற்கனவே எடுக்கும் லோசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை அதைத்தான் செய்கிறது, ஆஞ்சியோடென்சினின் கையைக் கட்டுகிறது. ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சேர்க்கச் சொன்ன மாத்திரை எது பெரியம்மா?

[இரவு 9:18] சித்ரா: சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் 10 என்று எழுதியிருக்கிறது.

[இரவு 9:24] மாலதி: அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நுண்குழாய் செல் சர்க்கரையை இழுக்கும் வாசலை அது பாதி மூடுகிறது. இழுவை வேலை குறைகிறது, வடிகட்டிக்குள் அழுத்தமும் இறங்குகிறது. 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4,304 சிறுநீரக நோயாளிகள் இருந்தார்கள். சிறுநீரகம் பெரிதாகக் கெடுவது, செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது, இவை எல்லாம் சேர்ந்த அபாயம் 39 விழுக்காடு குறைந்தது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை, அம்மாச்சிக்கு ஆரம்பிக்கலாம் என்பேன். ஆனால் முடிவு டாக்டருடையது.

ஆரம்பித்த சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் சில புள்ளிகள் இறங்கலாம், பயந்து நிறுத்தாதீர்கள், பிறகு நிலைக்கும். புரட்டாசியில் அம்மாச்சி விரதம் இருப்பார் அல்லவா? இந்த மாத்திரையோடு பட்டினி கிடப்பது ஆபத்து. வாந்தி, பேதி வந்தாலும் அப்படித்தான். அதை வியாழக்கிழமையே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

[இரவு 9:26] தேவி: விழுந்த தழும்பு போகுமா மாலதி?

[இரவு 9:28] மாலதி: பழைய தழும்பு பெரும்பாலும் போகாது அத்தை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டியும் நுண்குழாயும் சேர்ந்த அலகுகள். போனது திரும்ப முளைக்காது. ஆனால் 58இல் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

பெரியம்மா, அம்மாச்சி வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா? டாக்டர் எழுதாதது?

[இரவு 9:31] சித்ரா: வேறு ஒன்றும் இல்லையே. முட்டி வலிக்கு மட்டும் ஒன்று போடுவார். ஊரிலிருந்து ஒரு உறவினர் வரும்போது கொண்டுவந்தது. இரு, பார்த்துச் சொல்கிறேன்.

[இரவு 9:36] சித்ரா: 📷 படம்
டைக்ளோபெனாக். சாமி அலமாரியில் விபூதிப் பையோடு வைத்திருக்கிறார். ஒரு அட்டை காலி. கேட்டால் தினமும் ஒன்று, மழை பெய்தால் இரண்டு என்கிறார்.

[இரவு 9:37] வசந்தி: எவ்வளவு நாளாக அக்கா?

[இரவு 9:38] சித்ரா: பொங்கலிலிருந்து என்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் கவலைப்படுவேனாம்.

[இரவு 9:43] மாலதி: பெரியம்மா, அதை இன்றிலிருந்தே நிறுத்த வேண்டும். சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயை அந்த வகை வலி மாத்திரை சுருக்கிவிடும். ஏற்கனவே திணறும் செல்லுக்கு ரத்தமும் குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதினேன். லோசார்டானோடு சேர்ந்தால் இன்னும் கெடுதல். 66, 58 ஆனதில் இதற்கும் பங்கு இருக்கலாம். அப்படியானால் அந்தப் பங்கு கொஞ்சம் திரும்பவும் வரலாம். அட்டையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். முட்டி வலிக்கு அவரே வேறு வழி சொல்வார். அதுவரை பாராசிட்டமால் போதும்.

அம்மாச்சியைத் திட்டாதீர்கள்.

[இரவு 9:45] சித்ரா: திட்டவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் செய்திகளை எல்லாம் வாசித்துக் காட்டினேன். மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

[இரவு 9:47] குமரன்: ஆர்டரை ரத்து செய்துவிட்டேன் அக்கா. அம்மாவின் தே-யில் நாளையிலிருந்து கட்டிப்பாலும் சீனியும் வேண்டாம், நான் காலையில் கோப்பிக்கடையில் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய், கருவாடு உப்பும் குறைக்கலாம் இல்லையா மாலதி?

[இரவு 9:48] மாலதி: கட்டாயம் மாமா. உப்பு குறைந்தால் லோசார்டானும் நன்றாக வேலை செய்யும்.

[இரவு 9:52] சித்ரா: அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டேன். மீதி 11 மாத்திரை இருக்கிறது. அம்மாவே எண்ணிக் கொடுத்தார்.

[இரவு 9:53] மாலதி: வியாழன் காலை நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். 9:30க்கு மருந்தக வாசலில் நிற்பேன்.