போலியான கிறிஸ்தவ ஊழியரை (போதகரை) எதை வைத்துக் கண்டுகொண்டீர்கள்? செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடி, பள்ளி ஆசிரியை:

எங்கள் சித்தி வீடு புதுவயலில். சித்தப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. அவர்கள் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒன்றும் வராது, எல்லாப் பிள்ளைகளையும் போலப் பள்ளிக்கூடம் போய்வருவாள். வெளியூர் ஊழியர் ஒருவர் அங்கே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துச் சுகமளிக்கும் கூட்டம் போட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள் என்று சித்தி போனார். ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன்.

பாட்டு நன்றாக இருந்தது. பிரசங்கத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் மேடைக்கு முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். "விசுவாசம் இருக்கிறவர்கள் மாத்திரையை இதில் போடுங்கள். பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு ஜெபிப்பது விசுவாசம் இல்லை" என்றார் அவர். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூச்சுத்திணறலுக்கு இழுக்கிற இன்ஹேலர் என்று விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, அட்டையைப் போடுவதற்கு முன் அதிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். சித்தி மகளுடைய மாத்திரையை அப்படியே போட்டுவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய் மரியாதையாகவே கேட்டேன். "ஐயா, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நிறுத்தச் சொன்னது நீங்கள்தான் என்று ஒரு தாளில் எழுதித் தருவீர்களா?" அவர் முகம் சட்டென்று மாறியது. "சிஸ்டர், படிப்பு உங்களைக் கெடுத்துவிட்டது" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கமே என்னைப் பற்றித்தான். மோசேக்கு விரோதமாக எழும்பிய கோராகைப் பூமி வாய்திறந்து விழுங்கியதைச் சொல்லி, "இந்த ஊருக்கும் படித்த ஒரு கோராகு வந்து போயிருக்கிறாள்" என்றாராம். சித்தி பயந்துபோய் என்னுடன் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் நடந்ததை விரிவாக எழுத மனசு வரவில்லை. ஒரு ராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லை. காரைக்குடி அரசு மருத்துவமனைக்கும் அங்கிருந்து சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். ஊழியரிடம் போய்ச் சொன்னால், "வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள்" என்று பதில் வந்தது.

எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவர் பவுல். லூக்காவே வைத்தியர். ஜெபத்துக்கும் மருந்துக்கும் சண்டை மூட்டிவிடுகிற போதனை வேதத்திலிருந்து வந்தது இல்லை.

வசனம் சரளமாக வருகிறது என்பதை வைத்து ஆளை நம்பக்கூடாது. இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் சங்கீதத்தை எடுத்துத்தான் பேசினான். கேள்வி கேட்டால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது, கோராகு என்று திட்டவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். ஆள் பெயரும் சபைப் பெயரும் வேண்டாம்.

கண்டனூர், கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர்:

அக்கா, எங்கள் வீட்டில் மாத்திரை விஷயம் இல்லை, தீர்க்கதரிசனம். கல்யாண மண்டபம் எடுத்து நடத்திய கூட்டம். மேடையில் இருந்தவர் அப்பாவைக் கைகாட்டி எழுப்பி, எங்கள் தெருப் பெயரைச் சொன்னார், அம்மா பெயரைச் சொன்னார், "ஒரு நிலம் உங்களுக்குத் தடையாக நிற்கிறது" என்றார். அப்பா அழுதுவிட்டார். மண்டபமே கை தட்டியது.

நான் அழவில்லை. ஏனென்றால் வாசலில் கொடுத்த ஜெபக் குறிப்புப் படிவத்தை எங்கள் வீட்டுக்கு நிரப்பிக் கொடுத்ததே நான்தான். பெயர், முகவரி, ஃபோன் நம்பர், வீட்டில் உள்ளவர்கள், 'எதற்காக ஜெபிக்க வேண்டும்' என்று எல்லாம் அதில் இருந்தது. மேடையில் அவர் சொன்னதில் அந்தத் தாளில் இல்லாத ஒரு தகவல்கூட இல்லை. ஒரு எழுத்தை நான் அவசரத்தில் விட்டிருந்தேன். தெருப் பெயரை அவரும் அந்த எழுத்து இல்லாமலேதான் வாசித்தார்!

கிறிஸ்துமஸுக்குள் அந்த நிலம் விற்றுவிடும் என்றும், அதற்கு விசுவாச விதையாக, அதாவது காணிக்கையாக, ஒரு தொகை விதைக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்பா கொடுத்தார். கிறிஸ்துமஸ் போய், ஈஸ்டரும் போனது. கேட்டதற்கு, "உங்கள் விசுவாசம் குறைவுபட்டது" என்றார்கள். உபாகமம் 18:22 வேறு மாதிரி சொல்கிறது. கர்த்தரின் பெயரில் ஒருவன் சொன்னது நடக்காவிட்டால், அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல, அவன் துணிகரத்தினால் சொன்னது. கேட்டவனுடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. நடந்தால் பெருமை மேடைக்கு, நடக்காவிட்டால் பழி உட்கார்ந்து கேட்டவனுக்கு என்ற ஏற்பாட்டை எந்தத் தீர்க்கதரிசி செய்துகொண்டார்?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்:

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பக்கம் ஏமாற்று வேறு உடையில் வருகிறது. வெள்ளை அங்கி போட்ட ஒருவர், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற வீடுகளாகப் பார்த்து வந்தார். தூரத்து மறைமாவட்டத்துக் குருவானவர் என்றும், ஒரு மலைக்கிராமத்தில் சிற்றாலயம் கட்டுவதாகவும் சொன்னார். எங்கள் வீட்டிலேயே திருப்பலி வைக்கிறேன் என்றதும் என் மனைவி நெகிழ்ந்துபோனார்.

ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். வரிசை எண் இல்லை. பான் எண்ணும் இல்லை. "வருமான வரியில் சலுகை உண்டு" என்று சொல்லிவிட்டு, பெரிய தொகையை ரொக்கமாகக் கேட்டார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை கொடுத்தால் அந்த வரிச் சலுகை கிடையாது என்பது பணத்தோடே வாழ்ந்த எனக்குத் தெரியாதா? சரி, உட்காருங்கள் ஃபாதர், காபி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, "எங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அவரும் வந்து உங்களைப் பார்க்க ஆசைப்படுவார்" என்று ஃபோனை எடுத்தேன். காபி வருவதற்குள் வேறு வீட்டில் அவசரம் என்று எழுந்துவிட்டார்.

கத்தோலிக்கர்களுக்குச் சொல்கிறேன். வெளியூர்க் குருவானவர் யாராக இருந்தாலும் தம் ஆயரிடமிருந்தோ துறவற சபைத் தலைவரிடமிருந்தோ பெற்ற சான்றைக் காட்டுவது முறை. பங்குத்தந்தைக்குத் தெரியாமல் வீட்டுத் திருப்பலி என்பதே சந்தேகத்துக்குரியது. உண்மையான குரு இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். அவர் ஊருக்கு யாராவது புதியவர் வந்தால் அவரே கேட்கிற கேள்விதானே இது.

இது புதிய தொல்லையும் இல்லை. ஆதித் திருச்சபைக் காலத்து 'திதாக்கே' என்ற போதனை நூல், ஊர் ஊராக வரும் போதகர்களைப் பற்றி இதையே பேசுகிறது. வந்தவர் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் போலி. போகும்போது உணவுக்கு மேல் பணம் கேட்டால் போலி. எப்படி அடிபட்டு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஓரியூருக்குப் போகும்போதெல்லாம் நான் நினைப்பது. ஐரோப்பாவிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தரிடம் (ஜான் டி பிரிட்டோ) ஞானஸ்நானம் கேட்டு வந்த தடியத்தேவர் சாமானியர் அல்ல, அரச குடும்பத்தவர். அப்படி ஒருவர் வந்தால் பணமும் பாதுகாப்பும் தானாக வரும் என்று எண்ணிப் பல்லிளிக்கிறவர்கள் இன்று எத்தனை பேர். அருளானந்தரோ, ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதானால்தான் ஞானஸ்நானம் என்றார். அப்படி விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப் பெண். அந்த வார்த்தையின் விலையை 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தம் தலையால் கொடுத்தார். வசதியானவரிடம் கசப்பான உண்மையைச் சொல்கிறாரா என்பதையும் நான் பார்க்கிறேன்.

கல்லல், வாசகி:

எல்லாம் சரிதான். ஆனால் "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதீர்கள்" என்று வசனம் இருக்கிறதே. எங்கள் பாஸ்டர் இதை அடிக்கடி சொல்வார். இதையெல்லாம் படிக்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

காரைக்குடி, பள்ளி ஆசிரியை:

சிஸ்டர், பயப்படாதீர்கள். அந்த வசனத்துக்கு மேலும் கீழும் சேர்த்து வாசியுங்கள். சங்கீதம் 105, ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபு நாடில்லாமல் அலைந்த காலத்தைப் பற்றியது. ராஜாக்கள் அவர்களுக்குக் கெடுதல் செய்யாதபடி தேவன் தடுத்தார் என்கிறது. கேள்வி கேட்காதே என்று அதில் இல்லை. ஆபிரகாம் சாராளைத் தன் சகோதரி என்று சொன்னபோது, கேரார் ராஜா அபிமெலேக்கு அவரைக் கூப்பிட்டு ஏன் இப்படிச் செய்தாய் என்று நேராகவே கேட்டான். ஆபிரகாம் பதில் சொன்னார், சபிக்கவில்லை. தாவீதும் சவுலைக் கொல்ல மறுத்தார், ஆனால் ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். பேதுருவைவிடப் பெரிய அபிஷேகம் உள்ளவரா நம் ஊர் மேடையில் நிற்கிறார்?

சிங்கம்புணரிப் பக்கம், போதகரின் மனைவி:

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாங்கள் எந்தப் பெரிய சபை அமைப்பிலும் சேராத தனிச்சபை நடத்துகிறவர்கள். 'தனிச்சபை' என்றாலே கள்ளப் போதகர் என்று பேசுவது எங்களை ரொம்ப வலிக்கச் செய்கிறது. என் கணவர் டிவிஎஸ் 50இல் கிராமம் கிராமமாகப் போகிறவர். பெரிய சபைகளில் நிலத்துக்கும் தேர்தலுக்கும் நடக்கும் சண்டையும் ஊரறிந்தது. பலகையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

ஆனால் முதலில் எழுதிய சிஸ்டர் சொன்ன கேள்வி விஷயம் முழுக்க உண்மை. போன வருஷம் சபையில் ஒரு தம்பி எழுந்து, ஜெனரேட்டர் வாங்கக் கொடுத்த காணிக்கை என்ன ஆனது என்று ஆராதனை நடுவிலேயே கேட்டுவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னார். அந்தத் தம்பியையே வாசிக்க வைத்தார். அன்றிலிருந்து காணிக்கையை மூன்று பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள், எங்கள் குடும்பத்தில் யாரும் அதில் இல்லை. எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது பவுலும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அழைத்துப்போனார் (2 கொரிந்தியர் 8).

குன்றக்குடி, வாசகர்:

அக்கா, என் அம்மா இந்த மாதிரி ஒரு சபையில்தான் இருக்கிறார். நகையை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்தது இப்போதுதான் தெரிந்தது. பேசினால், நீ பின்மாற்றக்காரன் (விசுவாசத்தை விட்டு விலகினவன்) என்கிறார். என்ன செய்வது?

சிங்கம்புணரிப் பக்கம், போதகரின் மனைவி:

தம்பி, பாஸ்டரைத் திட்டாதீர்கள். திட்டினால் அம்மா அவர் பக்கம்தான் நிற்பார், "உங்கள் வீட்டாரே உங்களுக்குச் சத்துருவாவார்கள்" என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிறு அம்மாவோடு நீங்களும் போய் உட்காருங்கள். திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?" பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். அம்மாவே போய் அங்கே கேட்கட்டும், அவர்கள் அம்மாவை எப்படி நடத்துகிறார்கள் என்று அம்மாவே பார்க்கட்டும்.

அடகுச் சீட்டை மட்டும் உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கெடு தேதியைப் பாருங்கள். அப்புறம் ஒன்று. அந்தச் சபையை விட்டால் அம்மாவுக்கு உபவாச ஜெபத்துக்குக் கூட வரும் தோழிகள் எல்லாரும் போய்விடுவார்கள். பல பெண்கள் உண்மை தெரிந்தும் வெளியே வராததற்கு அதுதான் காரணம். எங்கள் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வாராவாரம் குன்றக்குடிப் பக்கம்தான் வேலைக்குப் போகிறார்கள். அம்மாவுக்கு இஷ்டமென்றால் சொல்லுங்கள், அவர்களை வீட்டுக்கு வந்து ஜெபிக்கச் சொல்கிறேன். காணிக்கைப் பேச்சே எடுக்க மாட்டார்கள்.